சத்தமே இல்லாமல் வந்த கார்

கார் ஓட்டத் தெரியாதவர்களால் ஊருக்கு ஆபத்து இல்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களாலும் இல்லை. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய கார் ஒன்றை வாங்கிய கையோடு, பழுது பார்க்கும் வீடியோக்களைப் படுத்துக்கொண்டே பார்த்துவிட்டு, "இன்ஜின்னா என்ன பெரிய விஷயம்?" என்று கேட்கிற கூட்டம். என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன அன்று அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி.

பழனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் நான். வெப்பம் என்ற பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள். (பிள்ளைகள் தூங்குவார்கள். அது வேறு விஷயம்.) எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்த சார் ஒருவர் சென்னைக்கு மாற்றலாகிப் போகும்போது தன் காரை எனக்கு விற்றுவிட்டுப் போனார். வெங்காயத் தோல் நிறத்தில் சின்னக் கார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "வண்டி கொஞ்சம் கோவக்காரப் புள்ள மாதிரி டீச்சர். தட்டிக் குடுத்து ஓட்டுனா எங்க வேணாலும் போகும்" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தட்டுவது என்பதை அவர் சொல்லுக்குச் சொல் அப்படியேதான் சொல்லியிருக்கிறார் என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். இறங்கி, முன்மூடியைத் திறந்து, பேட்டரி முனையில் செருப்பைக் கழற்றி இரண்டு போட்டால்தான் கிளம்பும். தினமும் காலையில் தெருவில் நின்று காரைச் செருப்பால் அடிக்கும் என்னைப் பார்த்து எங்கள் பால்காரர், "என்னங்க டீச்சர், இன்னிக்கும் வீட்டுப்பாடம் எழுதலையா அது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இந்தக் காரில்தான் என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போவது என்று நான் முடிவு செய்தேன்.

தம்பி பெயர் தண்டபாணி. வீட்டில் பாணி. மலை அடிவாரத்தில் எங்கள் குடும்பக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். சாமி படம், விபூதி, பிளாஸ்டிக் வேல், பீப்பீ எல்லாம் விற்கிற கடை. அவனுக்கு வரன் வந்தது கொடைக்கானலையும் தாண்டி, மேல்மலையில், பூண்டியில். பெண் பெயர் நந்தினி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு அப்பாவோடு பூண்டு வெள்ளாமையைப் பார்க்கிறாள். இருவரும் போட்டோ பார்த்திருந்தார்கள். ஒருமுறை வீடியோவில் பேசவும் செய்தார்கள். அதிலும் பூண்டியில் சிக்னல் விட்டுவிட்டதால், பாணி மொத்தமாகப் பேசியது "ஹலோ, கேக்குதுங்களா?" என்பது மட்டும்தான். அதற்கே மூன்று நாள் சிரித்த முகமாகத் திரிந்தான்.

பெண்ணின் அப்பாவைப் பற்றி ஒரு சேதி எங்கள் காதுக்கு வந்திருந்தது. முன்பு ஒரு வரன்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வராமல் தாமதமாக வந்திருக்கிறார்கள். "நேரத்துக்கு வராதவங்க வாக்குக்கும் நிக்கமாட்டாங்க" என்று காபியோடு அனுப்பிவிட்டாராம். எங்களுக்கு அவர்கள் குறித்துக் கொடுத்தது ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்கு முன் வாசற்படியை மிதித்தாக வேண்டும்.

"வாடகைக்கு ஒரு வேன் பேசிருவோம்டி மகா. மலை ரோடு. நம்ம சோலி கெட்டுறக் கூடாது" என்றார் அம்மா.

"சொந்தக் கார்ல போய் எறங்குனாத்தான்மா மரியாதை. வண்டியப் பத்தி எனக்குத் தெரியாததா?"

இந்த வாக்கியத்தை அம்மா இன்றும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

அன்று வெள்ளனே கிளம்பினோம். நான், பாணி, அம்மா, பெரியப்பா. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர் பெரியப்பாதான். வாழ்நாளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவர். ஆனால் முன் இருக்கையில் உட்கார்ந்தால் பேருந்து நிறுவன முதலாளி மாதிரி இருப்பார். பாணிக்குப் பட்டு வேட்டி, சந்தன நிறச் சட்டை. அம்மா மடியில் பஞ்சாமிர்த டப்பா. பின்னால் தாம்பூலத் தட்டு, பழங்கள், பந்து பந்தாக மல்லிகைப் பூ. செருப்படி வாங்கிக்கொண்டு கார் கிளம்பியது. எலுமிச்சம்பழங்கள் நான்கு சக்கரத்திலும் நசுங்கின. அதோடு கண்டம் எல்லாம் கழிந்துவிட்டது என்று நினைத்தோம்.

அணையைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. ஏசியைப் போட்டுக்கொண்டு, பெரியப்பாவுக்கு இன்ஜின் வேலை செய்யும் விதத்தை விளக்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த சூட்டு முள் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. மலை ஏறுகிறோம், முள்ளும் ஏறுகிறது என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.)

"ஏம்மா, என்னமோ கருகுற மாதிரி வாட கெடக்கே" என்றார் பெரியப்பா.

"காப்பிச் செடி பூத்திருக்கும் பெரியப்பா."

அடுத்த வளைவில் முன்மூடியின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புகை வந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி, ஓரமாக நின்றுகொண்டது. இறங்கித் திறந்தேன். உள்ளே சோற்றுப்பானை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா எட்டிப் பார்த்து, "இதுல ஒரு காத்தாடி இருக்கே, அது சுத்தணும்ல? சும்மா நிக்குதே" என்றார்.

"அது வேணும்கிறப்பத்தான் சுத்தும் பெரியப்பா" என்றேன். இதைவிட வேண்டுகிற நேரம் வேறு எது வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். அங்கேதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் நடந்தது. பாய்ந்து தடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அழுத்தம் என்றால் என்ன, அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் ஏன் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்தால் ஏன் சீறும் என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு சுற்றுலா வேன் நின்றது. அதில் வந்தவர்களும் இறங்கிச் சுற்றி நின்று கேட்டார்கள்.

"மேடம் இன்ஜினியருங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"பிசிக்ஸ்" என்றேன், மலை உச்சியைப் பார்த்தபடி. என் வாழ்நாளில் ஒருவரும் தூங்காமல் கேட்ட முதல் வகுப்பு அது.

அப்போது அம்மா அலறினார். திரும்பிப் பார்த்தால், எல்லாரும் காரின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குரங்குகள் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, மலைவாழை ஒன்றும் மிச்சமில்லை. பெரிய கடுவன் ஒன்று மல்லிகைச் சரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் பாணியைவிட அதற்குத்தான் மாப்பிள்ளைக் களை கூடுதலாக இருந்தது. அம்மா கட்டிப்பிடித்திருந்த பஞ்சாமிர்தமும் ஒரு தேங்காயும்தான் தப்பின.

வேன்காரர்கள் பாவப்பட்டுத் தங்கள் கேன் தண்ணீரைக் கொடுத்தார்கள். சூடு இறங்கும்வரை காத்திருந்து ஊற்றினோம். சாவியைத் திருப்பினேன். டிக்.

செருப்பால் அடித்தேன். டிக். அம்மாவின் செருப்பு. டிக். பெரியப்பாவின் தடித்த தோல் செருப்பை வாங்கி அடித்தேன். அதற்கும் அதே மரியாதைதான். தள்ளிக் கிளப்பலாம் என்றால் எதிரே மேடு. அப்போதுதான் நான் பார்த்த ஒரு வீடியோ நினைவுக்கு வந்தது. ரிவர்ஸ் கியரில் பின்னால் உருட்டியும் கிளப்பலாம்!

"பொண்ணு பாக்கப் போறப்போ பின்னாடி போறாளே பாவி" என்று அம்மா முருகனைக் கூப்பிட்டார். பாணி பின்னால் ஓடிப்போய் வருகிற வண்டிகளை நிறுத்தினான். கார் பழனியை நோக்கிப் பின்புறமாகப் பயணம் கிளம்பியது. கிளட்ச்சை விட்டேன். உதறிக்கொண்டு இன்ஜின் உயிர் பெற்றது. ஈரோட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். நான் கையசைத்தேன். (கை அசைத்திருக்க வேண்டாம். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.)

இனிமேல் சூடு ஏறாமல் இருக்க ஒரு வழி எனக்குத் தெரியும். காருக்குள் இருக்கிற ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும், இன்ஜின் பிழைக்கும். இது நிஜமாகவே சரியான வழி. இன்ஜின் பிழைத்தது. நாங்கள் வெந்தோம்.

பெருமாள்மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. சாலையோரத்தில் வெளியூர்க்காரர்கள் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட எங்கள் கார் போயிற்று. தலைக்குக் கொடைக்கானல், காலுக்குக் கத்திரி வெயில். கொடைக்கானல் ஏரிப் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டார். நெரிசலைச் சரி செய்துகொண்டிருந்த போலீஸ்காரர் சந்தேகப்பட்டு ஜன்னலுக்குள் குனிந்தார். உள்ளிருந்து அடித்த அனலில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"யப்பா, அடுப்பு மாதிரில்ல இருக்கு! ஒரு நிமிசம் இருங்க சார்" என்று கையுறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் எங்கள் காருக்குள் நீட்டிக் குளிர்காய்ந்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

பூம்பாறை தாண்டியதும் சாலையில் கூட்டமில்லை. படிப்படியாகக் கேரட், பூண்டு வயல்கள். வெயில் எட்டிப் பார்த்தது. முள் நடுவில் நின்றது. எனக்குத் திமிர் திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, ரெண்டு நிமிசம் நிறுத்தேன். மூஞ்சியத் தொடச்சுக்கிறேன். இப்படியே போனா பொண்ணு வீட்ல எனக்கு ஜன்னி கண்டிருக்குன்னு நெனச்சுருவாங்க" என்றான் பாணி. நியாயம்தான். ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தியதோடு, தினசரிப் பழக்கத்தில் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது.

இன்ஜின் நின்றது. அம்மா மெதுவாகத்தான் கேட்டார். "ஏண்டி... அணைச்சுப்புட்டியா?"

டிக்.

இறங்கிப் பார்த்தால் காருக்கு அடியில் ரேடியேட்டரின் பச்சை நீர் ஓடிக் குளமாகக் கிடந்தது. எங்கோ குழாய் விட்டுவிட்டது. இனி கிளப்பினாலும் ஓட்டக் கூடாது. பின்னால் உருட்டலாமா என்று நான் வாயெடுத்ததுமே அம்மா சொல்லிவிட்டார்: "இங்க பின்னாடி உருட்டுனா பழனிக்குப் போகமாட்டோம். நேரா மேலதான் போவோம்." பின்னால் பள்ளத்தாக்கு. மணி பத்தரை ஆகியிருந்தது. பூண்டி இன்னும் நடக்கிற தூரத்தில் இல்லை.

அதற்காகப் பாணி சும்மா நிற்கவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளைக் கொடுத்துக் காரை மேட்டில் தள்ள ஆரம்பித்தான். சட்டை போடாத பெரியப்பா ஒரு பக்கம். ஒரு அடி ஏறினால் அரை அடி இறங்கியது. கால் வழுக்கியதில் காரின் பின்பக்க மண்ணும் மசியும் பாணியின் நெற்றியிலும் கன்னத்திலும் அப்பியது. அவன் கையால் துடைத்தபோது அது இன்னும் நன்றாகப் பரவியது.

பின்னால் ஒரு பிக்கப் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தது கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்ட ஒரு பெண். பக்கத்தில் ஒரு நடுவயது அம்மாள், மடியில் பூப்பொட்டலம். குல்லாய்க்குள் இருந்த முகம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போட்டோவை நான்தானே ஊரெல்லாம் காட்டினேன்!

நந்தினி. நாங்கள் பார்க்கப் போகிற பெண்.

அவளும் தெரிந்துகொண்டுவிட்டாள். வத்தலக்குண்டிலிருந்து பூ ஏற்றி வரும் பஸ் தாமதமாகிவிட, சித்தியைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கே வந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேலை கட்டிக்கொள்ள வேண்டியவள். இறங்கி வந்து, மண்ணும் மசியுமாக நின்ற என் தம்பியைப் பார்த்தாள். பாணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடையில் வாடிக்கையாளரைப் பார்த்தால் வருகிற வார்த்தை வந்துவிட்டது.

"வாங்க, வாங்க" என்று கும்பிட்டான்.

"அது நாங்க சொல்ல வேண்டியதுங்க" என்றாள் நந்தினி.

அவ்வளவுதான் பேசினார்கள். அதற்குள் சித்தி பதறிக்கொண்டு இறங்கினார். "ஆத்தி! நடுரோட்டுலயா பொண்ணு மாப்ளயப் பாக்குறது? சேல கூட இல்லாம! ஏத்தா, அந்தப் பக்கம் திரும்பு!"

அம்மாவுக்கும் அதே பதற்றம். "ஏலே பாணி, நீ இந்தப் பக்கம் திரும்புடா!"

மாப்பிள்ளை பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றான். பெண் மலையைப் பார்த்து நின்றாள். நடுவில் செத்த கார். அம்மாவும் சித்தியும் மணியைப் பார்த்தார்கள். பிக்கப்பில் மூட்டை கட்டுகிற கயிறு இருக்கிறது, கட்டி இழுத்துவிடலாம் என்றாள் நந்தினி, மலையிடம். ஆனால் யார் கட்டுவது? பெரியப்பாவுக்குக் குனிந்தால் முதுகு பிடிக்கும். நான் ஸ்டியரிங்கில் இருந்தாக வேண்டும். தெம்போடு இருந்தவர்கள் அந்த இருவர்தான்.

"சரி, ஒருத்தர ஒருத்தர் பாக்காமக் கட்டுங்க" என்று சித்தி தீர்ப்புச் சொன்னார்.

நான் முன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை மட்டும் பார்த்துக் கட்டினார்கள். கடையில் பார்சல் கட்டுகிற முடிச்சைப் பாணி போட்டான். அவள் ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துவிட்டு வேறு மாதிரி போட்டாள். அவன் ஏதோ முணுமுணுத்தான். அவள் தோள் குலுங்கியது. பிறகு அவன் தோளும் குலுங்கியது. கயிற்றை ஒரு முறை கட்டினால் போதும். அவர்கள் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். நானே ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஹாரன் மட்டும் அன்று முழுக்க நன்றாக வேலை செய்தது.

அம்மாவும் சித்தியும் அதற்குள் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இந்தச் சந்திப்பு நடக்கவே இல்லை. பெண்ணே மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஊருக்குள் போனால் கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்? பூண்டிக்கு மேலே ஒரு வளைவு வரும், அங்கிருந்து வீடுவரை இறக்கம். அங்கே கயிற்றை அவிழ்த்துவிடுவது. பிக்கப் முன்னால் போய்விடும். நாங்கள் கொஞ்சம் பொறுத்து, காரை அப்படியே உருட்டிக்கொண்டு, சொந்தக் காரில் வந்தவர்களாக வாசலில் போய் இறங்குவது.

அப்படியே நடந்தது. வளைவில் நின்று பெரியப்பா சட்டை போட்டுக்கொண்டார். பாணி நெற்றியைத் துடைத்தான். பிறகு பிரேக்கை விட்டேன். கார் சத்தமே இல்லாமல் இறங்கியது. தென்றல் மாதிரி, தேர் மாதிரி. கீழே வாசலில் பெண்ணின் அப்பா, மாமன்மார் எல்லாரும் வெள்ளையும் சள்ளையுமாக நின்றிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஆகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று பிரேக்கை மிதித்தேன்.

இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும் என்பது நான் பார்த்த எந்த வீடியோவிலும் இல்லை. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு மிதித்தேன். கார் மரியாதையாக, அவசரமில்லாமல், வரவேற்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், வாசலில் காயப் போட்டிருந்த பூண்டுக் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. ஊரே மணத்தது.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குரலில் கோபமே இல்லை. வியப்புதான் இருந்தது.

"என்னங்க இது, வண்டி சத்தமே இல்லாம வருது! கரண்டு வண்டிங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "ஆ... ஆமாங்க" என்றேன். பின் இருக்கையில் அம்மா விக்கிய சத்தம் கேட்டது.

"அப்ப இவ்வளவு தூரம் மலையேறி வந்ததுல சார்ஜு தீந்திருக்குமே! ஏலே தம்பி, அந்த நீளமான ஒயர எடுத்தா!" என்று தன் மைத்துனருக்குக் குரல் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொன்னதை விருந்தாளியின் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே பாய் விரித்து உட்கார வைத்தார்கள். சம்பிரதாயங்கள் தொடங்கின. எனக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மைத்துனர் ஒயரோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்து செருகுகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் குனிந்து பார்த்தார். விளக்கைத் தட்டிப் பார்த்தார். ஒருமுறை ஜன்னலருகே வந்து, "எங்கிட்டுங்க குத்தணும்?" என்று சைகையில் கேட்டார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

நந்தினி சேலை கட்டி, அதே மல்லிகையை வைத்துக்கொண்டு காபித் தட்டோடு வந்தாள். "மாப்ளய நல்லாப் பாத்துக்கத்தா. பெறகு பாக்கலன்னு சொல்லக் கூடாது" என்றார் ஒரு பெரியவர். அவள் நிமிர்ந்தாள். பாணியின் நெற்றியில் துடைக்காமல் விட்ட கருப்பு ஒன்று பொட்டு மாதிரி இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

"தம்பி, ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுங்க. பொண்ணப் பிடிச்சிருக்குங்களா?" என்று கேட்டார் அவள் அப்பா.

பாணி வெந்து, தள்ளி, குனிந்து, களைத்துப் போயிருந்தான். மனதில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"கயிறு கட்டும்போதே பிடிச்சுப் போச்சுங்க."

வெளியே ஒயரோடு நின்றவர்கூட அசையாமல் நின்றார். சித்தி எழுந்து அடுப்படிக்குப் போனார். அம்மா பஞ்சாமிர்த டப்பாவின் மேல் ஒட்டியிருந்த முருகன் படத்தை உற்றுப் பார்த்தார்.

"எந்தக் கயிறுங்க?" என்று கேட்டார் நந்தினியின் அப்பா.

முதலில் சிரித்தது நந்தினிதான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நிற்க முடியாமல் சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்ம பூண்டு மூட்டக் கயிறுப்பா. நானும் அவங்களும்தான் கட்டுனோம்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கார் செத்தது, திரும்பி நின்றது, பார்க்காமல் கட்டியது, வளைவில் அவிழ்த்தது. ஒன்றையும் விடவில்லை.

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "அப்ப... அது கரண்டு வண்டி இல்லீங்களா டீச்சர்?"

"இல்லீங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே மைத்துனர் கத்தினார்: "மச்சான், இந்தக் கரண்டு வண்டிலருந்து பச்சத் தண்ணியா ஒழுகுது!"

அவ்வளவுதான். நந்தினியின் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சுவரோரம் இருந்த பூண்டு மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். அதைப் பார்த்துப் பெரியப்பா சிரித்தார். அம்மா சிரித்தார். அன்றைக்கெல்லாம் என்மேல் அடக்கிவைத்திருந்த கோபம் முழுவதும் அம்மாவுக்குக் கண்ணீராக வழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நந்தினியின் அப்பா சொன்னார்: "சொன்ன நேரத்துக்கு வரணும்னு இம்புட்டுப் பாடு பட்டிருக்கீங்களே! உங்களுக்குப் பொண்ணு குடுக்காம வேற யாருக்குங்க குடுக்க?" ராகு காலம் பிறக்கும் முன்பே பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தோம்.

அன்று பிக்கப்பில்தான் திரும்பினோம். காரை மறுவாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். கொடைக்கானலிலிருந்து ஆள் வந்து பார்த்து, விட்டுப்போன குழாயை மாட்டி, பேட்டரி முனையை முடுக்கி, ஒரு சின்ன ஃபியூஸையும் மாற்றினாராம். அந்த ஃபியூஸ் போனதால்தான் காத்தாடி சுற்றவில்லையாம். (பெரியப்பா இதைப் பல நாள் சொல்லாமல் வைத்திருந்து, என் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்தபோது தலைமையாசிரியரிடம் சொன்னார்.)

மறுவாரம் போனேன். கார் விதைப்பூண்டு ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போயிருந்தது. அடுத்த மாதம் போனேன். நந்தினியின் அப்பா அதைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, கண்ணாடியில் பழனி முருகன் படம் ஒட்டி வைத்திருந்தார். அந்தக் குளிரில் அதற்குச் சூடே ஏறுவதில்லை. செருப்படியும் தேவைப்படவில்லை. "உங்க ஊரு வெக்கதாங்க அதுக்கு ஆகல" என்று பிள்ளையைத் தத்தெடுத்தவர் மாதிரி தடவிக் கொடுத்தார். எனக்குச் சாவியைக் கேட்க மனம் வரவில்லை. இன்றும் அது பூண்டியில்தான் இருக்கிறது. நான் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகிறேன்.

கல்யாணத்தில் யாரோ ஒரு பெரியவர், "பொண்ணுக்கு என்னங்க செஞ்சீங்க?" என்று விசாரித்திருக்கிறார். "நாங்க எங்கங்க செஞ்சோம்? மாப்ள வீட்லதான் எங்களுக்குக் காரு குடுத்தாங்க" என்றாராம் என் தம்பியின் மாமனார், வெகு சாதாரணமாக. அந்தப் பேச்சு மேல்மலை முழுக்கப் பரவி, இப்போது நாங்கள் கொடைக்கானல் சந்தைப் பக்கம் போனால்கூட, "காரு குடுத்த வீட்டுக்காரங்களா?" என்று கேட்டு நல்ல கேரட்டாகப் பொறுக்கிப் போடுகிறார்கள்.

வீட்டில் எப்போதாவது பாணி குரலை உயர்த்தினால் நந்தினி பதிலுக்குக் கத்துவதில்லை. கையில் இருக்கிற வேலையைச் செய்துகொண்டே சொல்லுவாள்:

"நான் ஒண்ணும் இந்த வீட்டுக்குச் சும்மா வரலைங்க. காரு வாங்கிக்கிட்டுத்தான் வந்தேன்."